கையெழுத்துக் குர்ஆன் பிரதிகளை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

டப்ளின் காக்கா:
நான் பார்த்தது இப்னுல் பவ்வாப் என்ற பழைய எழுத்துக் கலைஞர் எழுதிய குர்ஆன். இங்கே டப்ளின் கோட்டை வளாகத்தில், செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துப் பிரதி என்றதும் ரெஹாலை (குர்ஆனை விரித்து வைக்கும் மரத் தாங்கி) அடைக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். உயரம் 18 செ.மீ. கூட இல்லை! ஹிஜ்ரி 391-இல், அதாவது கி.பி. 1000-1001-இல், பாக்தாதில் எழுதியது. தோல் இல்லை, காகிதம்.

பொன்வேலை அழகுதான். ஆனால் என்னை அசத்தியது எழுத்து. ஜேர், ஜபர் என்ற உயிரொலிக் குறிகள் எல்லாம் போட்ட நஸ்க், அதாவது வளைவான, படிக்க எளிய அரபி எழுத்து வகை. சின்ன வயதில் மதரஸாவில் ஓதியதை வைத்தே வரி பிடித்துப் படித்துவிட்டேன். மனுஷர் முதலில் வீடுகளுக்குச் சித்திரம் தீட்டியவராம். இதில் அலங்காரமும் அவர் கைதான் என்கிறார்கள்.

தோஹா தம்பி:
எனக்கு நேர் எதிர், காக்கா. தோஹா இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் நீலக் குர்ஆனின் ஏடு பார்த்தேன். அவுரி நீலத் தோலில் தங்கக் கூஃபி எழுத்து (கோணல்கள் நிறைந்த பழைய அரபி வகை), பக்கத்துக்கு 15 வரி. எழுத்தைப் பிரித்துக் காட்டும் புள்ளி கிடையாது, ஜேர் ஜபர் கிடையாது. வரி முடிகிற இடத்தில் சொல்லையே உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளியிருக்கிறார்கள். கூட வந்த, குர்ஆன் முழுவதும் மனப்பாடமான ஹாஃபிழ் நண்பனே திணறினான். ஒரு சொல் பிடிபட்டதும் மீதியை மனப்பாடத்தில் இருந்து ஓதிவிட்டான், அது வேறு விஷயம். வெள்ளியில் போட்ட பூ அடையாளங்கள் கறுத்துவிட்டன. தங்கம் அப்படியே இருக்கிறது.

மைக்கூடு:
நான் இஸ்தான்புல்லில் எழுதுகிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முட்டை வெள்ளையும் படிகாரமும் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்த காகிதம். மை உள்ளே இறங்காது, மேலேயே நிற்கும். 'வாவ்' என்ற அரபி எழுத்து ஒன்றின் வால் கோணிவிட்டது. விரலை நாக்கில் தொட்டு அழித்தார், அதே இடத்தில் மறுபடி எழுதினார். தடமே இல்லை! மைக்கூட்டுக்குள் பட்டுநூல் திணித்திருந்தார், பேனா அளவுக்கு மேல் மை எடுக்காமல் இருக்க. அளவுகோல் இல்லை, நாணல் பேனா வைக்கிற புள்ளிதான் கணக்கு, நேர்கோடான அலிஃப் எழுத்தின் உயரத்துக்கு இத்தனை புள்ளி என்று. இந்தக் கணக்கை வகுத்தவராகச் சொல்லப்படும் இப்னு முக்லா பாக்தாதில் மூன்று முறை அமைச்சராக இருந்தவர். கடைசியில் அவர் வலது கையையே வெட்டினார்கள், பாவிகள்.

டப்ளின் காக்கா:
இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: நுழைவுக் கட்டணம் கிடையாது. வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் பிரதிகளை மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். இப்னுல் பவ்வாப் வெளியே இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டு வாருங்கள்.