ரத்தபேதி (ஷிகெல்லா) வந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

செங்காங் அம்மா

மகனுக்கு நான்கு வயது. முதல் நாள் சாதாரண வயிற்றுப்போக்கு என்றுதான் நினைத்தோம். மறுநாள் காலையில் காய்ச்சல் 39ஐத் தாண்டிவிட்டது, கழுவிவிடப் போன மாமியார் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், சளியோடு ரத்தம். அதற்குப் பிறகு பிள்ளை கழிப்பறையை விட்டு எழுந்திருக்கவே இல்லை, முக்குகிறான், ஒன்றும் வரவில்லை, வலியில் அழுகிறான். புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் ஃபுட் பாய்சனிங் என்று சொல்லி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். ராத்திரி காய்ச்சல் இறங்கவில்லை, மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கேதான் மலத்தைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். வந்த பதில் ஷிகெல்லா சோனெய் என்ற கிருமி. வழக்கமாகக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படாத வகையாம், ஊசி வழியாக வேறு மருந்து போட்டார்கள். இப்போது பிள்ளை நன்றாக இருக்கிறான்.

நான் எழுத வந்த விஷயம் வேறு. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில், "திருச்சிக்குப் போனீர்களே, கண்டதையும் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள்" என்றார்கள். எனக்கும் அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் டாக்டர் சொன்னது, இந்தக் கிருமி உள்ளே போனால் பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் காட்டிவிடும், ஒரு வாரத்துக்கு மேல் போவது அபூர்வம். நாங்கள் ஊரிலிருந்து திரும்பி ஒரு மாதத்துக்கும் மேலாகிறது. அப்படியானால் பிள்ளைக்கு இங்கே சிங்கப்பூரில்தானே தொற்றியிருக்கிறது?

பாலர் பள்ளியில் சொன்னேன். பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட வேண்டாம், பதற்றமாகும் என்றார்கள். போட்டேன். இரண்டு அம்மாக்கள் தனியாகப் பதில் அனுப்பினார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கும் அதே சமயத்தில் வயிற்றுப்போக்கு, ஒருவரும் பரிசோதனை செய்யவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது வந்திருக்கிறதா? எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடிந்ததா?

தெலுக் பிளாங்கா பாட்டி

எங்கள் காலத்தில் இது வராத வீடு கிடையாது அம்மா. கம்பத்தில் (கிராமத்தில்) வாளிக் கக்கூஸ்தான், ஆள் வந்து வாளியை எடுத்துக்கொண்டு போகும்வரை ஈ மொய்த்துக் கிடக்கும், அதே ஈ அடுப்படிக்கும் வரும். சிங்கப்பூரில் கடைசி மலவாளி நின்றது 1987ல்தான், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். என் தங்கை ஒன்றரை வயதில் ரத்தபேதியில்தான் போனாள். மாதுளை ஓடு கஷாயம், வெந்தயம், எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். யாராவது இதைப் படித்துவிட்டுக் கைவைத்தியம் கேட்டு எழுதாதீர்கள். பிள்ளைக்கு ரத்தம் போனால் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

துவாஸ் தம்பி

அக்கா, எனக்கு வந்திருக்கிறது. நான் தங்கியிருப்பது ஊழியர் தங்குவிடுதி, அறையில் 12 பேர். முதலில் கட்டுமானத் தளத்தில் என்னோடு வேலை செய்யும் பங்களாதேஷ் அண்ணனுக்கு வந்தது, அப்புறம் எனக்கு, அப்புறம் எங்கள் அறையிலேயே இன்னும் சிலருக்கு. எல்லோரும் சாப்பாட்டைத்தான் சொன்னோம். அதில் நியாயமும் இருக்கிறது, காலைச் சாப்பாட்டோடு மத்தியானச் சாப்பாட்டையும் விடியும் முன்பே பொட்டலமாகக் கொடுத்துவிடுவார்கள், அது லாரியில் வந்து வெயிலில் கிடந்து நாங்கள் பிரிக்கும்போது மணி பன்னிரண்டு. ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தேன். சாப்பாடு காரணம் என்றால் அதே கேட்டரிங் சாப்பிட்ட எல்லோருக்கும் ஒரே நாளில் வந்திருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது ஒருவர் பின் ஒருவராக, ரெண்டு மூணு நாள் இடைவெளி விட்டு. பொதுக் கழிப்பறை, ஒரே குழாய், சோப்பு தீர்ந்தால் அடுத்து வைக்க ஆள் இல்லை. வேலையிடத்தில் இன்னும் மோசம், தற்காலிகக் கழிப்பறையில் கை கழுவத் தண்ணீரே வராத நாட்கள் உண்டு.

ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று கேட்பீர்கள். எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எடுத்தால் ஓவர்டைம் போகும், சூப்பர்வைசர் முகம் மாறும். பாதிப் பேர் ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு லாரி ஏறினார்கள், பேதியை நிறுத்தும் மாத்திரை ஒன்று, ஆன்டிபயாட்டிக் ஒன்று, அதுவும் ரெண்டு நாளுக்கு மட்டும். புதிதாக வந்த தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன்: வேலையில் சேர்ந்து 3 மாதம் முடிந்தாலே சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு, 6 மாதம் முடிந்தால் வருடத்துக்கு 14 நாள், இது சட்டம். பயப்படாமல் போங்கள்.

லேப் அக்கா

மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்ப் பிரிவில் வேலை செய்கிறேன். தம்பி எழுதியதைப் படித்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் வந்தால் சாப்பாடு, இடைவெளி விட்டு வந்தால் கை என்று அவர் யோசித்தது மிகச் சரி, நோய்ப் பரவலை விசாரிப்பவர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான். ஷிகெல்லாவுக்கு 10 முதல் 100 கிருமி உள்ளே போனாலே போதும். காலராவுக்குப் பொதுவாக லட்சக்கணக்கில் வேண்டும். அதனால்தான் தண்ணீரும் சாக்கடையும் இவ்வளவு சுத்தமாக இருக்கும் நாட்டிலும் இது பிழைத்துக்கொள்கிறது, ஒரு கதவுப் பிடி, ஒரு குழாய், பிள்ளைகள் மாற்றி மாற்றி வாயில் வைக்கும் ஒரு பொம்மை போதும். இது ஆடு மாடு கோழியில் வளரும் கிருமி இல்லை, மனிதரிடமிருந்துதான் மனிதருக்கு வருகிறது. ஜப்பானில் 1897ல் பெரிய கொள்ளைநோய் வந்தபோது கியோஷி ஷிகா கண்டுபிடித்தார், அவர் பெயர்தான் இதற்கு. நான்கு இனம் உண்டு. ஏழை நாடுகளில் ஃபிளெக்ஸ்னெரி அதிகம், வசதி வந்த நாடுகளில் சோனெய் அதிகம்.

செங்காங் அம்மா கேட்ட கேள்விக்கு வியட்நாமில் நடந்த ஆராய்ச்சி நல்ல பதில். நோயாளிகளிடம் எடுத்த சோனெய் கிருமிகளின் மரபணு முழுவதையும் படித்து வம்சாவளி போல வரைந்தார்கள், 2013ல் வெளியானது. 1980களின் தொடக்கத்தில் ஒரு வகை நாட்டுக்குள் நுழைந்து ஹோ சி மின் நகரில் வேர் பிடித்திருக்கிறது, அங்கிருந்து ஹுவேக்கும் கான் ஹோவாவுக்கும் போயிருக்கிறது, போன இடத்திலெல்லாம் தனித்தனிக் கிளையாக வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருக்கவில்லை. ஒரு தடவை வந்தது, அப்புறம் உள்ளூர்க்காரனாகிவிட்டது. வழியில் மருந்தை எதிர்க்கும் சக்தியையும், சக கிருமிகளைக் கொல்லும் ஒரு நஞ்சையும் சேர்த்துக்கொண்டது. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மசியாத சோனெய் தெற்காசியாவிலிருந்து உலகத்துக்குப் பரவியது என்று 2016ல் இன்னொரு ஆய்வு வந்தது, அது உண்மைதான். அதற்காக இங்கே நோய் வந்த ஒவ்வொரு இந்தியக் குடும்பத்தையும் பார்த்து "ஊருக்குப் போனீர்களா" என்று கேட்டு அதோடு கோப்பை மூடிவிட்டால், பக்கத்து வகுப்பறையில் பரவிக்கொண்டிருப்பதை யார் பார்ப்பது?

வம்சாவளி வரைய கிருமி கையில் இருக்க வேண்டும். பிசிஆர் என்ற மரபணுச் சோதனையில் ஷிகெல்லா இருக்கிறதா என்று சில மணி நேரத்தில் தெரிந்துவிடும், எந்த மருந்து கேட்கும் என்பதற்குக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனை செய்தாக வேண்டும். இந்தக் கிருமி மலத்தில் ரொம்ப நேரம் உயிரோடு இருக்காது, மாதிரியை வீட்டில் எடுத்து மத்தியானம் வரை வைத்திருந்து கொண்டுவந்தால் எங்களால் ஒன்றும் வளர்க்க முடியாது. ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கும் முன் எடுங்கள், உடனே கொடுங்கள், ரத்தம் இருந்தது என்று படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் பேதியை நிறுத்தும் மாத்திரை: ரத்தமும் காய்ச்சலும் இருக்கும்போது வேண்டவே வேண்டாம், கிருமி வெளியே போகும் வழியை அது அடைக்கிறது.

செங்காங் அம்மா

அக்கா, ரொம்ப நன்றி. மகனை எப்போது திரும்பப் பள்ளிக்கு அனுப்பலாம்? பேதி நின்றுவிட்டது.

லேப் அக்கா

பேதி நின்ற பிறகும் 1 முதல் 4 வாரம் வரை மலத்தில் கிருமி வரலாம், சரியான ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அது குறையும். நின்று குறைந்தது 48 மணி நேரமாவது வீட்டில் வையுங்கள், மறுபடி சோதனை வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பள்ளியில் ஆசிரியர் கூடவே நின்று சோப்புப் போட்டுக் கழுவவிட வேண்டும், கிருமிநாசினி ஜெல் தடவிவிட்டு முடித்துக்கொள்ளக் கூடாது. அந்த இரண்டு அம்மாக்களிடமும் மாதிரி கொடுக்கச் சொல்லுங்கள், பேதி நின்றிருந்தாலும் டாக்டரிடம் கேட்கலாம்.

தேக்கா தொண்டூழியர்

கோயில் அன்னதானத்தில் காய் நறுக்கும் குழுவில் இருக்கிறேன். 2009ல் கேலாங் சிராயில் ரோஜாக் சாப்பிட்டவர்களுக்கு வயிறு கெட்ட விஷயம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், இரண்டு பேர் இறந்தார்கள். அது வேறு கிருமி, விப்ரியோ, ஆனால் அதற்குப் பிறகு எங்கள் சமையல்கட்டில் பச்சையையும் வெந்ததையும் தனித்தனியாக வைக்கப் பழகிவிட்டோம். ஆளுக்கு வயிறு சரியில்லை என்றால் என்ன செய்வது என்று மட்டும் இன்றுவரை ஒரு ஏற்பாடும் இல்லை, ஏனென்றால் தொண்டு செய்ய வந்தவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் வாய் வராது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இந்த 48 மணி நேர விஷயத்தைச் சொல்லப் போகிறேன். வயிறு சரியில்லாதவர் வீட்டில் இருக்கட்டும், வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கு நறுக்குபவர்கள் கையுறை போட்டிருந்தாலும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவட்டும். துவாஸ் தம்பி, உங்கள் தங்குவிடுதியில் சோப்பு வைப்பது யார் பொறுப்பு என்று கேட்டுச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கம் வரும் தொண்டூழியர்களிடம் கொடுத்தனுப்ப முடியுமா என்று பார்க்கிறேன்.