சின்னு இன்னும் வரவில்லை

பெரிய வீட்டுக் குழு, சனிக்கிழமை

சாந்தி அத்தை (6:10): நேற்று ராத்திரி ஏழு மணிக்குச் சின்னுவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். சும்மா விசாரணை, அரை மணியில் அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் வரவில்லை.

மீனா: ஐயோ. எதற்கு?

சாந்தி அத்தை: ஏரியை மூடக்கூடாது என்று அட்டை பிடித்து நின்றானாம்.

குமார்: அப்போதே சொன்னேன்.

மீனா: நீ எப்போதுதான் சொல்லவில்லை.

கோபாலன் மாமா: எல்லோரும் நிதானமாகப் படியுங்கள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் கழிவு. அரசியலமைப்பு 22ஆவது பிரிவு. சனி, ஞாயிறு என்றாலும் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கொண்டுபோகலாம். கைதே இல்லை என்பார்கள். ராத்திரி முழுக்க வெளியே விடவில்லையே, அப்புறம் அது என்ன என்று கேட்க வேண்டும். ஆனால் தடுப்புக் காவல், அதாவது குற்றம் செய்யும் முன்பே பிடித்து வைப்பது என்றால் இந்த 24 மணி நேரம் கிடையாது. அந்த விலக்கும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்பு அமலானது, அடுத்த மாதமே தடுப்புக் காவல் சட்டம் வந்துவிட்டது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அந்தச் சட்டத்தில் உள்ளே இருந்தபடியே உச்ச நீதிமன்றம் போனார். சட்டத்தில் ஒரே ஒரு பிரிவுதான் ரத்தானது, அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை.

குமார்: உங்கள் பெயர் ராசி, மாமா.

சுமதி: வியாழக்கிழமை வளைகாப்பு உண்டா இல்லையா? சமையல்காரர் கேட்கிறார்.

மீனா: சித்தி, இப்போதா?

சுமதி: முன்பணம் கொடுத்தாயிற்றே அம்மா.

கோபாலன் மாமா: இன்னும் முடிக்கவில்லை. 1976இல் நெருக்கடி நிலையின்போது பிடித்து வைத்தவரைக் கோர்ட் முன் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று நாலு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அவருக்குத் தலைமை நீதிபதி பதவி போயிற்று. 1978இல் 44ஆவது திருத்தம் வந்த பிறகு, தண்டனைக்கு வரம்பு வைக்கும் 20ஆவது பிரிவையும், உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆவது பிரிவையும் நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது.

சாந்தி அத்தை: அந்த 76இல் அப்பா மிசா தடுப்புக் காவலில் இருந்தபோது யார் போய்ப் பார்த்தார்கள்? நானும் அம்மாவும். துண்டையும் டம்ளரையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பெரியப்பா: எனக்கு அப்போது அரசு வேலை.

சாந்தி அத்தை: தெரியும்.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: அதை அப்புறம் பேசுங்கள். மாமா, இப்போது என்ன செய்வது?

கோபாலன் மாமா: முதலில் யாராவது நேரில் போய், எந்த வழக்கு, என்ன பிரிவு என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்கப் பாருங்கள். தரவில்லை என்றால் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மனு போடும்போது அந்த நேரம்தான் பேசும். என் ஜூனியரை எட்டரைக்கு அங்கே வரச் சொல்கிறேன்.

சுமதி: ஒன்பது முதல் பத்தரை ராகு காலம்.

கோபாலன் மாமா: 22இல் ராகு காலத்துக்குக் கழிவு இல்லை.

மணி தம்பி: 🌹 இனிய காலை வணக்கம் 🌹

மீனா: மணி, மேலே படி.

மணி தம்பி: ஐயோ. ஸாரி.

சாந்தி அத்தை: அவனுக்கு வீசிங் இருக்கிறது. இன்ஹேலர் மேஜை மேலேயே கிடக்கிறது. ஒரு சட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

குமார்: என் வண்டி சர்வீஸில்.

பெரியப்பா: ஆட்டோ வந்தால் நானும் வருகிறேன். மாடிப்படி இருந்தால் முட்டி வலிக்கும்.

சாந்தி அத்தை: ஸ்டேஷனில் படி இல்லை. எட்டு மணிக்கு வாசலில் நில்லுங்கள்.

சுமதி: அப்போ வளைகாப்பு?