கூடினால் ஓரினமா? மரக்காளான்களின் இன எல்லை

மாந்தோப்பு, காவேரிப்பட்டினம்:
எங்கள் தோப்பின் காய்ந்த மாங்கிளையிலும் பென்னாகரத்துப் புளியங்கட்டை ஒன்றிலும் விசிறி போன்ற சைசோபில்லம் கம்யூன் காளான் படர்ந்திருந்தது. மரம் வேறென்றால் இனமும் வேறு என்று இங்கே ஒருவர் எழுதியிருந்ததால், இரண்டிலும் ஒற்றை வித்திலிருந்து (ஸ்போர்) வளர்த்த இழைகளை ஒரே அகார் ஊட்டக்கூழ்த் தட்டில் அருகருகே வைத்தேன். சில நாட்களில், இழையின் குறுக்குச் சுவர்களை ஒட்டிச் சட்டியின் காது போன்ற சிறு வளைவுகள், அதாவது இரண்டும் கூடியதற்கு அடையாளமான கிளாம்ப் இணைப்புகள், நுண்ணோக்கியில் தெரிந்தன. கூடுகின்றன, ஆகவே ஓரினம், கூடாதவை வேறினம்.

நுண்ணோக்கி, அரூர்:
ஐயா, உங்களுடைய இரண்டும் ஓரினம் என்பதை நான் மறுக்கவில்லை. கூடாதவை வேறினம் என்பதைத்தான் ஏற்க இயலவில்லை. இந்தக் காளானில் கூடலைத் தீர்மானிக்கும் ஏ, பி என்னும் இரு மரபிடங்களும் (மரபணு இடங்கள்) இரு வளர்ப்புகளிலும் வேறுபட்டால்தான் கூடல் முழுமையடையும் என்பதால், ஒரே காளானின் வித்துகளைத் தமக்குள் இணைத்தால் நான்கில் ஒரு பங்கு இணைகளே கூடும். ஏ வேறாகவும் பி ஒன்றாகவும் அமைந்தால், இரு வளர்ப்புகளுக்கும் நடுவே இழை குன்றிய வெற்றுப் பட்டை ஒன்று விழும். அதை இன எல்லை என்று கொண்டால், உடன்பிறப்புகளையே இரண்டு இனமாக்கிவிடுவோம்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டினம்:
திருத்திக்கொள்கிறேன்: பல காளான்களின் வித்துகளைச் சோதித்தும் ஒன்றுகூடக் கூடாவிட்டால் வேறினம். ஐரோப்பிய ஊசியிலைக் காடுகளில் வேரழுகலை உண்டாக்கும் ஹெட்டிரோபேசிடியான் என்னும் காளான் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தது. 1978இல் பின்லாந்து ஆய்வாளர் கோர்ஹோனன் கூடல் சோதனையால்தான் அதனைப் பைன் குழு, ஸ்புரூஸ் குழு என்று பிரித்தார். 1998இல் அக்குழுக்கள் தனித்தனி இனங்களாக வரையறுக்கப்பட்டன.

நுண்ணோக்கி, அரூர்:
கூடினால் ஓரினம் என்ற உங்கள் முதல் பாதியும் அதே பேரினத்தில்தான் உடைகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருடன் இத்தாலிக்கு வந்ததாகக் கருதப்படும் ஹெட்டிரோபேசிடியான் இர்ரெகுலேர், மிக நெடுங்காலம் பிரிந்திருந்த ஐரோப்பிய இனமான ஹெட்டிரோபேசிடியான் அன்னோசமுடன் அங்கே தாராளமாகக் கலக்கிறது. சந்திக்கவே வாய்ப்பில்லாத இனங்களுக்கிடையே கூடலுக்குத் தடை உருவாக வேண்டிய தேவை எழுந்ததில்லை. ஒரே காட்டில் வாழ்பவற்றுக்கிடையேதான் அது வலுப்பெறுகிறது. உங்கள் சைசோபில்லமும் அப்படித்தான்: தட்டில் கண்டம் கடந்து கூடினாலும், டிஎன்ஏவில் வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, கிழக்கு அரைக்கோளம் எனத் தனித்தனிக் கிளைகளாக நிற்கிறது.

மாந்தோப்பு, காவேரிப்பட்டினம்:
அப்படியானால் உங்கள் வாதமே எனக்குத் துணை நிற்கிறது. ஒரே நிலப்பரப்பில் வாழ்பவற்றுக்கிடையே தடை வலுவாக இருக்குமென்றால், காவேரிப்பட்டினத்துக்கும் பென்னாகரத்துக்கும் இடையே கூடல் சோதனையின் விடை நம்பத்தக்கதே. கண்டங்களுக்கு அது செல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த மழையில் சுருண்ட விசிறிகள் விரிந்ததும், வெவ்வேறு மரங்களிலிருந்து புதிதாக வித்தெடுத்து, வெற்றுப் பட்டை விழும் இணைகளையும் சேர்த்தே இங்கே பதிவிடுகிறேன்.