டெர்மினலில் இருந்து நாட்டிலஸ்: ஒரே விண்டோவில் ஃபோல்டர் மாற்றுவது எப்படி?

வணக்கம். யாங்கோனில் எங்கள் கோயிலின் பழைய கணக்கு ஏடுகளை மூன்று வாரமாக ஸ்கேன் செய்கிறேன். கறையான் அரித்த தாள், திருப்பினாலே ஓரம் உதிர்கிறது. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் உடனே சரிபார்த்தாக வேண்டும். கரண்ட் இருக்கும்போதுதான் வேலை.

உபுண்டு 22.04 (லினக்ஸ்), நாட்டிலஸ் 42 (அதன் ஃபைல் மேனேஜர்), வேலாண்ட் (விண்டோக்களைத் திரையில் காட்டும் அமைப்பு), 4 ஜிபி ராம். டெர்மினலில் ஓடும் என் பாஷ் ஸ்கிரிப்ட், ஸ்கேன் செய்த படத்தை அந்தந்த ஆண்டின் ஃபோல்டரில் போட்டு, நாட்டிலஸின் 'செலக்ட்' ஆப்ஷனால் காட்டும். ஆண்டு மாறினால் புது விண்டோ. நேற்று முப்பதைத் தாண்டி மெஷின் உறைந்துவிட்டது.

ஃபோல்டரைத் திறக்கும் எக்ஸ்டிஜி-ஓப்பன் கட்டளையிலும் இதே நிலைதான். விண்டோக்களைக் கட்டுப்படுத்தும் டபிள்யூஎம்சிடிஆர்எல் கட்டளை வேலாண்டில் நாட்டிலஸ் விண்டோவைக் காண்பதே இல்லை. நாட்டிலஸை மூடும் 'க்யூ' ஆப்ஷன் கொடுத்தால், ஒப்பிட்டுப் பார்க்கத் திறந்து வைத்த விண்டோவும் சேர்ந்து மூடிவிடுகிறது.

திறந்திருக்கும் அதே விண்டோவைக் கட்டளை மூலம் வேறு ஃபோல்டருக்கு மாற்ற வழி உண்டா?