பன்னிரண்டு மணிக்கு யார் மரம் வெட்டினார்கள்?

செந்தூல் வாசகர்:
மலேசிய ரப்பர் தோட்ட வாழ்க்கையை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன நாவல் சமீபத்தில் வரவே இல்லை என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதே நாவலை நானும் இந்த வாரம்தான் முடித்தேன். எரிச்சல் தாங்கவில்லை. கதை நடப்பது 1974-இல். ஏழாம் அத்தியாயத்தில் விடிய விடிய மழை, காலை ஒன்பதுக்கு விடுகிறது. நாயகியின் அம்மா பன்னிரண்டு மணிக்கு உளியை எடுத்துக்கொண்டு மரம் வெட்டப் போகிறாள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்க. உச்சி வெயிலில்! இருட்டோடு வெட்டினால்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுவிடும். இதுகூடத் தெரியாமல் எழுதிய நாவலுக்குத் துல்லியம் என்று பட்டமா? கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டுக் காவலாளி ஒருவரைப் பற்றிய நாவலும் இப்போதுதான் வந்திருக்கிறது. இதைவிடப் பல மடங்கு மேல். அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

நிபோங் திபால் மகள்:
அப்படி எழுதியது நான்தான், ஐயா. பெயர் சொல்லியே கேட்கலாம். நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். மழை விட்டதும் யாரும் உளியைத் தூக்க மாட்டார்கள். ஈரப் பட்டையில் வெட்டினால் பால் வெட்டிய கோட்டு வழியே மங்குக்கு, அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்துக்கு, வராது, பட்டை முழுக்க வழிந்து வீணாகும். அதனால் பட்டை காயும் வரை காத்திருந்து, வேலையை மேற்பார்க்கும் தண்டல் சொன்னதும் போவார்கள். என் அம்மா பத்து மணிக்கு மேல் போனதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை. அந்த அத்தியாயமே அதைப் பற்றியதுதானே?

செந்தூல் வாசகர்:
பத்து மணி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நாவலில் இருப்பது பன்னிரண்டு.

பாயா தெருபோங் தம்பி:
அண்ணே, இரண்டு மணி நேரத்துக்காகவா இந்தச் சண்டை? தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு, எண்ணெய்ப் பனைக்கு, மாறி, லயத்தைக் காலி செய்யும் இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், மேலே படிக்க முடியவில்லை. எனக்குக் குறையாகப் பட்டது கடைசிப் பகுதிதான். கணக்கு எழுதும் கிராணி, ஆட்களை மேய்க்கும் கங்காணி, பட்டணத்துக்குப் போன மகன் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். அதைப் பேசலாமே.

செந்தூல் வாசகர்:
தம்பி, அடிப்படை தப்பினால் குரல் எங்கிருந்து வரும்? 1972-இல் வந்த ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்துப் பாருங்கள். ப. சிங்காரம் இந்தோனேசியாவின் மெடானில் வாழ்ந்தவர். போர்க்கால மெடானையும் பினாங்கையும் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் எழுதினார். அவர் கையில் பன்னிரண்டு மணிக்கு உளி ஏறியிருக்காது.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியர்:
வந்துவிட்டார் சிங்காரம்! நம் ஊர்க்காரரைக் குட்ட வேண்டுமென்றால் உங்களுக்குத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் வேண்டும். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ உங்கள் அலமாரியில் இல்லையா? தோட்டத்திலிருந்து ரயில் பாதை போடக் கொண்டுபோன நம் சனங்களின் கதை அது. அதை ஒரு நாளும் நீங்கள் எடுத்துச் சொல்லி நான் பார்த்ததில்லை.

செந்தூல் வாசகர்:
மூன்று தடவை படித்தவன் நான். போன வருடம் வாசகர் சந்திப்பில் அதைப் பற்றித்தான் கட்டுரை எழுதி வந்தேன். பாதியில் நிறுத்தச் சொன்னது யார்? நீங்கள். நான் மறக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியர்:
நாற்பது நிமிடம் வாசித்தீர்கள். மற்றவர்கள் பேச வேண்டாமா?

நிபோங் திபால் மகள்:
உங்கள் கட்டுரைச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐயா, ஒன்று கேட்கிறேன். மங்கில் உறைந்த கட்டிப்பாலைக் கையால் பிடுங்கியிருக்கிறீர்களா? பட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் மூட்டை நாற்றம் எத்தனை குளித்தாலும் போகாது, தெரியுமா? அந்த நாற்றம் இந்த நாவலில் இருக்கிறது. அதற்காகத்தான் துல்லியம் என்றேன். இன்னும் பத்து தடவை சொல்வேன்.

செந்தூல் வாசகர்:
என் தாத்தா உலு சிலாங்கூரில் மரம் வெட்டியவர். நாற்றம் எங்கள் வீட்டுக்கும் தெரியும். சரி, கணக்குப் போடுவோம். பன்னிரண்டுக்கு வெட்ட ஆரம்பித்தால் தன் பங்கு மரங்களை முடிக்க இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். அப்புறம் பால் இறங்கி நிற்கக் காத்திருக்க வேண்டும், வாளியில் சேர்க்க வேண்டும், ஸ்டோருக்குத் தூக்கிப்போய் நிறுக்க வேண்டும். இருட்டும் வரை தராசோடு கிராணி உட்கார்ந்திருப்பாரா? நாவலில் அவள் நான்கு மணிக்கு வீட்டில் சோறு வடிக்கிறாள்!

பாயா தெருபோங் தம்பி:
அந்தச் சோறு வடிக்கிற காட்சி எவ்வளவு நன்றாக இருக்கிறது, அண்ணே.

நிபோங் திபால் மகள்:
எங்கள் தோட்டத்தில் மழை நாளில் கிராணி காத்திருப்பார். உங்கள் தாத்தாவின் தோட்டத்தில் இல்லையென்றால் அதற்கு நாவலாசிரியர் என்ன செய்வார்?

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியர்:
காவலாளி நாவல் பல மடங்கு மேல் என்றீர்களே, அதில் இரவு வேலைக்காரன் காலை பத்து மணிக்குச் செந்தூலிலிருந்து கடைசி ரயில் பிடிக்கிறான். அது மட்டும் கண்ணில் படவில்லையா?

செந்தூல் வாசகர்:
அது அச்சுப் பிழை. பேச்சை மாற்றாதீர்கள். பன்னிரண்டு மணிக்கு மரம் வெட்டிய ஒருவரைக் காட்டுங்கள்.

நிபோங் திபால் மகள்:
என் அம்மா இருந்திருந்தால் போன் போட்டுக் கொடுத்திருப்பேன்.

செந்தூல் வாசகர்:
அம்மா போனது பத்து மணிக்கு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.