ஒரே ரேடியோ, மூன்று சேனல்: ஒன்றில் இருந்ததைவிட மோசமாவது ஏன்?

சுடர்வண்டு:
வணக்கம். அக்சஸ் பாயிண்ட் இல்லாமல் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு நகரும் சின்ன ரோபோக்களுக்கு நெட்வொர்க் எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரே ரேடியோ. எல்லாம் சேனல் 1-இல் இருந்தவரை மெதுவாகவேனும் ஓடியது. பிறகு 6, 11 இரண்டையும் டேட்டாவுக்குச் சேர்த்தேன். சேனல் 1-இல் ஆர்டிஎஸ் (‘அனுப்பட்டுமா?’), சிடிஎஸ் (‘அனுப்பு’) என்ற சின்னச் செய்திகளைப் பேசி, எந்தச் சேனல் என்று முடிவு செய்துகொண்டு இருவரும் அங்கே தாவுகிறார்கள். இரண்டு மடங்கு வரும் என்று கணக்கு. வந்ததோ மோதல். போதாததற்கு, பக்கத்தில் நிற்கும் ரோபோவையே காணோம் என்று சொல்லி, பாக்கெட்டுக்குப் பாதை கண்டுபிடிக்கும் ஏஓடிவி நெறிமுறை புதுப் பாதை தேடக் கிளம்பிவிடுகிறது. ஆன்டெனாவை மாற்றட்டுமா?

கம்பியில்லாதவன்:
ஆன்டெனாவைத் தொடாதீர்கள், அது பாவம்.

ஆர்டிஎஸ், சிடிஎஸ் யோசனையை 1990-இல் பில் கார்ன் மாகா என்ற பெயரில் முன்வைத்தபோது மனத்தில் இருந்தது ஒரே சேனல். சிடிஎஸ் காதில் விழுந்தால் வாயை மூடு, அவ்வளவுதான். அது பலிக்க எல்லோரும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் ரோபோ 6-க்குத் தாவிய நொடியே சேனல் 1-க்குச் செவிடு.

அ, ஆ, இ, ஈ என்று நான்கு ரோபோக்கள். அ, ஆ இரண்டும் 6-இல் பேசுகின்றன. அதற்குள் இ, ஈ இரண்டும் 11 என்று முடிவு செய்துவிட்டன. அது ஆ-வுக்குத் தெரியாது. திரும்பி வந்து அடுத்த பாக்கெட்டுக்கு 11-ஐ எடுக்கிறது. அனுப்புகிற இ தொலைவில் இருப்பதால் 11 அமைதியாகத்தான் தெரியும். வாங்குகிற ஈ பக்கத்தில் இருப்பதால் அதன் பாக்கெட் நாசம். இதைத்தான் பல சேனல் மறை முனையச் சிக்கல் என்கிறோம்.

ஏஓடிவி கதை இன்னும் வேடிக்கை. ஆ 6-இல் இருக்கும்போது வேறொருவர் சேனல் 1-இல் அதைக் கூப்பிடுகிறார். பதில் இல்லை. மோதல் என்று எண்ணி, காத்திருப்பு எல்லையை 15, 31, 63 நேரத் துண்டு என்று ஏற்றிக்கொண்டே போகிறார். வழக்கமான எல்லையான 7 முயற்சியும் தீர்ந்ததும் இணைப்பு அறுந்தது என்று மேலே சொல்லிவிடுகிறார். கதவைத் தட்டினோம், திறக்கவில்லை, ஆகவே ஆள் ஊரைவிட்டே போய்விட்டார் என்கிற மாதிரி. பாதை தேடும் வெள்ளமும் சேனல் 1-இல்தான் பாயும். நெரிசல் இன்னும் ஏறும்.

2004-இல் சோ, வைத்யா இருவரும் சொன்ன எம்மேக் முறையைப் பாருங்கள். 100 மில்லிசெகண்டில் முதல் 20-க்கு எல்லோரும் ஒரே சேனலில் கூடிப் பேசி முடிக்க வேண்டும். மீதி 80-இல் மூன்று சேனலிலும் டேட்டா. உச்சம் 2.4 மடங்கு. நடப்பில் அதை எட்டாது, ஆனால் யாரும் யாரையும் தவறவிட மாட்டார்கள்.

நள்ளிரவுப்பொறி:
கடிகாரம் ஒத்துப்போனால்தானே அண்ணா அது? பிரிந்து திரிந்த இரண்டு கூட்டம் சந்திக்கும்போது இதன் 20-உம் அதன் 20-உம் வேறு வேறு நேரத்தில் விழும். வாகனங்களுக்கான 1609.4 தரத்தில் 50, 50 மில்லிசெகண்டாகச் சேனல் மாற முடிவதற்குக் காரணம் ஜிபிஎஸ் நேரம். கட்டடத்துக்குள் என்றால் இரண்டாவது ரேடியோவைச் சேனல் 1-இலேயே நிறுத்திவைப்பது மேல்.

கம்பியில்லாதவன்:
சரிதான். ஆனால் பாக்கெட் சின்னதாக இருந்தால் 6-உம் 11-உம் சும்மா கிடக்க, சேனல் 1 முதலில் நிரம்பிவிடும். சுடர்வண்டு, அப்படி என்ன அனுப்புகிறீர்கள்?

சுடர்வண்டு:
பெரும்பாலும் இருப்பிடம்தான், சீரான இடைவெளியில். எப்போதாவது படம்.

ஆழிமுத்து:
அப்படியென்றால் கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ்ஸைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் ஒரு சேனலுக்கு 2250 நேரத் துண்டு. அடுத்து எந்தத் துண்டில் பேசப்போகிறேன் என்பதை ஒவ்வொரு கப்பலும் இப்போதைய செய்தியிலேயே சொல்லிவிடும். கரையில் யாரும் மேய்க்க வேண்டாம். இடம் நிரம்பினால் மிகத் தொலைவிலுள்ள கப்பலின் துண்டை எடுத்துக்கொள்ளும். கடிகாரம் இதற்கும் வேண்டும் என்பது உண்மை. இருப்பிடத்தைச் சேனல் 1-இல் இப்படி விடுங்கள். படத்துக்கு மட்டும் 6, 11. தாவப்போகிறவர் எவ்வளவு நேரம் இருக்க மாட்டார் என்பதையும் அந்தச் செய்தியிலேயே சேர்த்துவிட்டால் ஏஓடிவி பதறாது.