வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்: கணவருக்கு மாற்றிய மேரேஜ் அலவன்ஸை எப்போது ரத்து செய்வது?

கேள்வி: மல்லிகை

வணக்கம். நாங்கள் இங்கிலாந்தில் வசிக்கிறோம். எனக்கு வருமானம் இல்லாதிருந்த காலத்தில், மேரேஜ் அலவன்ஸ் திட்டத்தின்படி என்னுடைய வரிவிலக்கு வரம்பான 12,570 பவுண்டில் 1,260 பவுண்டைக் கணவருக்கு மாற்றிக் கொடுத்தேன். அதனால் அவருக்கு ஆண்டுக்கு 252 பவுண்டு வரி குறைகிறது. சென்ற அக்டோபரில் மாதம் 1,400 பவுண்டு சம்பளத்தில் பகுதிநேர வேலை ஒன்றில் சேர்ந்துள்ளேன். அடுத்த வரியாண்டில் என் வருமானம் 16,800 பவுண்டாகிவிடும். இப்போதே ரத்து செய்ய வேண்டுமா? செய்தால், இந்த ஆண்டு அவர் பெற்ற சலுகையைத் திருப்பிக் கேட்பார்களா?

தேம்ஸ்கரை

சலுகையைப் பெறுபவர் உங்கள் கணவர் என்பதால், அவரே பிரிட்டன் அரசின் வரித்துறையான எச்எம்ஆர்சி-யைத் தொலைபேசியில் அழைத்து நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன்.

பேரேடு

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். வருமான மாற்றத்தால் ரத்து செய்வதாயின், முதலில் விண்ணப்பித்தவர்தான், அதாவது வரம்பை விட்டுக்கொடுத்த மனைவிதான், அதைச் செய்ய வேண்டும். மண உறவு முறிந்திருந்தால் மட்டுமே இருவரில் யார் வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ஆகவே மல்லிகை அவர்களே அரசின் இணையதளத்தில் தம் கணக்கின் வழியாகவோ தொலைபேசியிலோ தெரிவிக்க வேண்டும். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. "வரித்தொகை மீட்டுத் தருகிறோம்" என்று கமிஷன் பேசும் இடைத்தரகர்களை இதற்காக அணுக வேண்டிய தேவையே இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வருமானம் மாறியதால் நீங்கள் ரத்து செய்யும்போது, சலுகை உடனே நின்றுவிடாது. நடப்பு வரியாண்டு முடியும் ஏப்ரல் 5 வரை தொடர்ந்து, ஏப்ரல் 6 முதல்தான் உங்கள் முழு வரம்பு உங்களிடம் திரும்பும். அக்டோபர் முதல் மார்ச் வரை நீங்கள் ஈட்டுவது 8,400 பவுண்டு. குறைக்கப்பட்ட உங்கள் வரம்பான 11,310 பவுண்டுக்குள் அது அடங்கிவிடுவதால், இந்த ஆண்டு உங்களுக்கு வரியே இல்லை. நீங்கள் ரத்து செய்தீர்கள் என்பதற்காகக் கணவரிடம் எதையும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

அடுத்த ஆண்டுக் கணக்கு சற்று வேறு. ரத்து செய்யாமல் விட்டால் 16,800-இல் 11,310 போக மீதி 5,490 பவுண்டுக்கு 20 சதவீதம், அதாவது 1,098 பவுண்டு, நீங்கள் வரி கட்டுவீர்கள். முழு வரம்பு இருந்தால் 846 பவுண்டுதான். வித்தியாசம் அதே 252. அவர் சேமிப்பதை நீங்கள் கட்டுகிறீர்கள் என்பதால், குடும்பக் கணக்கில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனாலும் பொருளற்ற அந்த ஏற்பாட்டைத் தொடர்வானேன்? ஏப்ரலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். உங்கள் வருமானம் 12,000 பவுண்டு போல இருந்திருந்தால் என் பதில் மாறியிருக்கும்: நீங்கள் கட்டுவது 138 பவுண்டு, அவர் சேமிப்பது 252 என்பதால் தொடர்வதே நல்லது.

ரத்தான பிறகு, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதைக் காட்டும் உங்கள் வரிக் குறியீடு 1131என் என்பதிலிருந்து 1257எல் ஆகவும், அவருடையது 1383எம் என்பதிலிருந்து 1257எல் ஆகவும் மாற வேண்டும். ஏப்ரல் மாதச் சம்பளச் சீட்டில் இதை இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்லிகை

மிக்க நன்றி. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். கணவரின் சம்பளம் 48,500 பவுண்டு. மார்ச்சில் 3,000 பவுண்டு போனஸ் வரக்கூடும் என்கிறார். அதனால் ஏதும் சிக்கல் உண்டா?

பேரேடு

உண்டு, உங்கள் வேலையைவிட இதுதான் முக்கியமான செய்தி. சலுகையைப் பெறுபவர் அடிப்படை விகிதமான 20 சதவீதத்தில் மட்டுமே வரி கட்டுபவராக இருக்க வேண்டும். 50,270 பவுண்டைத் தாண்டி அவருடைய வருமானத்தில் சிறு பகுதியாவது 40 சதவீத விகிதத்துக்குள் போய்விட்டால், அந்த ஆண்டின் 252 பவுண்டும் முழுமையாகப் போய்விடும். தாண்டிய அளவுக்கு மட்டும் குறைப்பது என்ற ஏற்பாடு இதில் கிடையாது. அவர் 51,500 பவுண்டை எட்டினால், ஆண்டு முடிந்தபின் எச்எம்ஆர்சி கணக்கிட்டு அத்தொகையைக் கேட்கும். பெரும்பாலும் பிற்பட்ட ஆண்டொன்றின் வரிக் குறியீட்டை மாற்றி, சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்ளும்.

வழி இல்லாமல் இல்லை. ஏப்ரல் 5-க்குள் அவர் தம் ஓய்வூதியத் திட்டத்தில், வரிச்சலுகையையும் சேர்த்துக் குறைந்தது 1,230 பவுண்டு கூடுதலாகச் செலுத்தினால், அடிப்படை விகிதத்துக்குள்ளேயே நின்றுவிடுவார். ஏற்கெனவே சம்பளத்தில் ஓய்வூதியத்துக்காகப் பிடித்தம் இருந்தால், வரிக்குரிய வருமானம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கலாம். முதலில் அதைச் சரிபாருங்கள்.

வடக்குவாசல்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தங்கைக்கு ஜூலையில் விவாகரத்து ஆனது. அவளுக்கும் ஏப்ரல் 5 வரை தொடருமா?

பேரேடு

தொடரும் என்று எண்ண வேண்டாம். மணமுறிவால் ரத்தாகும்போது, அது அந்த வரியாண்டின் தொடக்கமான ஏப்ரல் 6-க்கே பின்தேதியிடப்படலாம். அப்படியானால், சலுகை பெற்றவர் அதுவரை குறைத்துக் கட்டிய வரியை நிரப்ப வேண்டியிருக்கும். மாதங்கள் கூடக் கூட அந்தப் பாக்கியும் கூடும் என்பதால், தங்கை இந்த வாரமே தெரிவித்துவிடுவது நல்லது. முன்னாள் கணவரின் சம்மதத்துக்காக அவர் காத்திருக்கத் தேவையில்லை.